ஐம்பத்தைந்து முறை ‘ஓடுகிறது’

இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது.

இந்த மாதம் ஒன்றாம் தேதி ஜில்லண்ணன் பேரில் நின்ற பாக்கி அது. குளிர்பதனக் கிடங்கின் கணக்கர் மாதாமாதம் சம்பளச் சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் அதை எழுதித் தருவார். மாதம் ஐயாயிரம் பிடித்தம். பதினோரு மாதம் பிடித்தாகிவிட்டது, இன்னும் நாற்பத்து நாலு மாதம் இருக்கிறது. லாரியிலிருந்து இறக்கும் மூட்டையை எங்கேயாவது போட்டுவிட்டு முதுகை நிமிர்த்தலாம். இந்த மூட்டையைப் போட இடமில்லை. சாப்பிடும்போதும் முதுகில்தான் இருந்தது.

வாங்கித் தின்ற கடன் என்றாலும் வயிறாவது நிறைந்திருக்கும். இது உருகிப்போன கடன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். கிடங்கில் காவலுக்கு ஜில்லண்ணன் ஒருவர்தான். மூன்றாம் நம்பர் அறையில் பனியைக் கரைக்கிற ஹீட்டர் நிற்காமல் ஓடிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி ஐஸ்கிரீம் பாலாக உருகி, கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, அவர் செருப்பை நனைத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. அறை சூடானால் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்று இவர் சொன்னார். ஆபீஸ் கம்ப்யூட்டர் வேறு கதை சொன்னது. அலாரம் சர்வீஸ் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுதி வைக்கிற ஸ்கிரிப்ட் ஒன்று அதில் இருந்தது. பன்னிரண்டு பத்திலிருந்து நாலு நாற்பது வரைக்கும் வரிக்கு வரி ‘ஓடுகிறது’, ‘ஓடுகிறது’ என்று ஐம்பத்தைந்து வரி. இந்தப் பக்கம் ஒரு மனுஷன், அந்தப் பக்கம் ஐம்பத்தைந்து சாட்சி. அலாரம் அடித்திருக்கிறது, காவல்காரர் தூங்கியிருக்கிறார் என்று தீர்ப்பானது.

அந்த ஸ்கிரிப்டை எழுதியது ஜில்லண்ணனின் சொந்தத் தங்கை. “மெஷின் பொய் சொல்லாதுண்ணா” என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசல்படியை அவள் மிதிக்கவில்லை.

பதினோரு மாதம் கழித்து, இந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் மிதித்தாள்.

பாப்பா என்றுதான் குடும்பத்தில் அவளுக்குப் பேர். முப்பத்தாறு வயது, முன்நெற்றியில் நாலு நரை, தோளில் கம்ப்யூட்டர் பை, கண்ணுக்குக் கீழே தூங்காத கருவளையம். அண்ணனுக்குப் பதினான்கு வருஷம் கழித்துப் பிறந்தவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பேர் உரியவே இல்லை.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அண்ணி காலை நிறுத்தவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

“வா பாப்பா. உக்காரு. நாற்காலி பொய் சொல்லாது, தைரியமா உக்காரு.”

“அண்ணி, திட்டறதை மொத்தமா அப்புறம் வாங்கிக்கறேன். அண்ணா எங்க?”

“குளிக்கறார். அதுக்குத்தான் இன்னும் பிடித்தம் போடல.”

ஜில்லண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். இடி விழுந்தாலும் பதறாத ஆள், அதனால்தான் கிடங்கில் எல்லோரும் ஜில்லு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பதினோரு மாதமாக வராத தங்கை வந்து நிற்கிறாளே என்று கோபம் வர வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது.

“என்ன பாப்பா, விடியறதுக்குள்ள? மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?”

“அண்ணா, அன்னைக்கு நீ தூங்கல.”

தையல் மெஷின் நின்றது.

“நேத்து சாயங்காலம் கிடங்குக்குப் புது கம்ப்யூட்டர் மாட்டினேன்” என்றாள் பாப்பா. “பழசுல இருக்கறதை ஒவ்வொண்ணா அதுக்கு மாத்தணும். முதல்ல என் ஸ்கிரிப்டை மாத்தினேன். அலாரம் சர்வீஸை இன்னும் அதுல ஏத்தவே இல்ல. சும்மா ஸ்கிரிப்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ‘ஓடுகிறது’ன்னு எழுதுது.”

“எது ஓடுது?”

“எதுவுமே ஓடல. ஓடறதுக்கு அதுல ஒண்ணும் இல்லையே.”

“குடியே வராத வீட்டுல, ஆள் சவுக்கியமா இருக்காருன்னு சொல்லிச்சாக்கும்” என்றாள் அண்ணி.

“அதேதான் அண்ணி.”

பாப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். ஸ்கிரிப்ட் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைத்த சீட்டு. மெஷின் அதைப் படித்து அப்படியே செய்யும்.

“மெஷின்ல இப்ப என்னென்ன வேலை நடக்குதுன்னு ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல்ல அலாரம்ங்கற பேர் இருக்கா பாருன்னு எழுதியிருந்தேன். இருந்தா ‘ஓடுகிறது’, இல்லன்னா எங்களுக்கு மணி அடி. ஆனா தேடறதும் ஒரு வேலைதானே அண்ணா? தேடற அந்த நேரத்துக்கு அதுவும் பட்டியல்ல ஏறிடும். எப்படி ஏறும்? ‘அலாரத்தைத் தேடுதல்’னு ஏறும்.”

ஜில்லண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். அவருக்குப் பட்டியல் தெரியும். காலையில் கிடங்கு வாசலில் நின்று ஆள் பேர் எடுப்பதை முப்பது வருஷமாகப் பார்க்கிறவர்.

“பேர் எடுக்கறவன் வராத ஆளைக் கூப்பிட்டுட்டு, தன் குரலையே அவன் சொன்ன பதில்னு நினைச்சு ‘வந்தாச்சு’ன்னு எழுதிக்கிட்ட மாதிரியா?”

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். “நாலு வருஷம் படிச்ச எனக்கு ராத்திரி முழுக்க ஆச்சு, அதை இவ்வளவு சுருக்கமா சொல்ல.”

“சரி, இத்தனை நாள் எப்படி யாருக்கும் தெரியாமப் போச்சு?” என்று கேட்டாள் அண்ணி.

“சர்வீஸ் ஓடும்போது, ஓடுதுன்னு சொல்லுதான்னு பார்த்தேன். சொல்லிச்சு. நின்னா, நிக்குதுன்னு சொல்லுதான்னு பார்க்கல. அவ்வளவுதான் அண்ணி என் தப்பு. ஒரு தடவை நிறுத்திப் பார்த்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பேன்.”

ஜில்லண்ணன் தரையில் உட்கார்ந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் பதினாறு மணி நேர வேலை. கண்ணில் மணல் கொட்டினது போல் இருந்தது. முதல் வாரம் “நான் தூங்கல” என்று சொன்னார். இரண்டாம் வாரம் “தூங்கினதா ஞாபகம் இல்ல” என்றார். அந்த ஐம்பத்தைந்து வரிக் காகிதத்தை நாலு பேர் நாலு தரம் காட்டிய பிறகு, பெட்டி மேல் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்ததாக ஒரு ஞாபகத்தை அவரே உண்டாக்கிக்கொண்டார். அந்தச் சுவரின் ஈரம்கூட ஞாபகம் இருந்தது. இப்போது அது எங்கே போனது என்று தெரியவில்லை.

“நான் தூங்கலையா?”

“தூங்கலண்ணா.”

“நிஜமா?”

“நிஜமா.”

தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டியா?” என்றாள் அண்ணி.

“பதினோரு மணிக்குச் சொல்றேன்.”

“பதினோரு மணிக்குத்தானே மூணு கிடங்கு கம்ப்யூட்டருக்கும் இனிமே நீதான்னு கையெழுத்துப் போடறதா பேச்சு? ஊருக்கே தெரியும்.”

“அந்தக் கையெழுத்துக்கு முந்தி சொல்லணும் அண்ணி. அதனாலதான் காலையிலேயே வந்தேன். முதல்ல அண்ணாவுக்குத் தெரியணும்.”

ஜில்லண்ணன் எழுந்தார். “வேண்டாம் பாப்பா.”

“என்ன வேண்டாம்?”

“சொல்ல வேண்டாம். மாப்பிள்ளைக்கு ஆறு மாசமா வேலை இல்ல. நீதான் அந்தக் குடும்பத்துக்கே தூண். அந்தம்மாவுக்கு ஒரு தப்பு தெரிஞ்சா ஒன்பதைத் தேடும், மூணு கிடங்கும் போயிடும். எனக்கு என்ன, நாற்பத்து நாலு மாசம். சுமந்துட்டுப் போறேன். நான் தூங்கலன்னு நீ சொல்லிட்டே. எனக்கு அது போதும்.”

“எனக்குப் போதாது” என்றாள் அண்ணி. கத்தரிக்கோலால் நூலை நறுக்கென்று வெட்டினாள். “துணி குடுக்க வர்றவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? ‘நீயாவது முழிச்சிருந்து தைச்சுக் குடும்மா’ங்கறாங்க. சிரிச்சுக்கிட்டே வாங்கி வெச்சுக்கறேன். இன்னும் நாலு வருஷம் சிரிக்கணுமா?”

“அண்ணி சொல்றதுதான் சரி” என்றாள் பாப்பா.

“பதினோரு மாசத்துல இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒரு பக்கம் நிக்கறீங்க” என்றார் ஜில்லண்ணன். “எனக்குத்தான் இனிமே ஆபத்து.”

அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போய்ப் பாப்பாவுக்குத் தட்டு வைத்தாள்.

*

கிடங்குக்கு அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பாப்பா மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, பஸ் குலுங்கக் குலுங்கத் தட்டிக்கொண்டே வந்தாள். ஜில்லண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்தார். பழகின கை எந்த வேலையில் இருந்தாலும் அவருக்கு அடையாளம் தெரியும். அவசரப்படாது, நடுவில் நிற்காது, தப்பினால் அலட்டிக்கொள்ளாமல் திருப்பி எடுத்து வைக்கும். கல் பதிக்கிறவனிடம் அதைப் பார்த்திருக்கிறார், கப்பல் கயிறு கட்டுகிறவனிடம் பார்த்திருக்கிறார். தன் வீட்டிலேயே ஒருத்திக்கு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

உள்ளே போனதும் முதல் அறையில் சரக்கு ஏற்றி முடித்திருந்தார்கள். கதவைச் சாத்துவது ஜில்லண்ணன் வேலை.

“ஒரு நிமிஷம் பாப்பா.”

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. குளிர் அறைக்குள் போகிறவன் தன் நம்பர் வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போவான், வெளியே வந்தால் எடுத்துக்கொள்வான். பலகை காலியாக இருந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஜில்லண்ணன் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவில் மூன்று தட்டு தட்டி, “யாராச்சும் உள்ள இருக்கீங்களா?” என்று கத்தி, பத்து எண்ணும்வரை காதைக் கொடுத்து நின்றார். பிறகுதான் சாத்தினார்.

“பலகைதான் காலியா இருக்கே?”

“பலகைக்குக் குளிருமா? உள்ள மாட்டிக்கிட்டவனுக்குத்தான் குளிரும். எவனாவது வில்லை மாட்ட மறந்துட்டுப் போயிருப்பான்.”

பாப்பா அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பஸ்ல நான் எழுதினது இதைத்தாண்ணா. புது ஸ்கிரிப்ட் பட்டியலைப் பார்க்காது. சர்வீஸ் உக்கார்ந்திருக்கற இடத்துக்கு நெட்வொர்க் வழியா போய்க் கதவைத் தட்டும். தட்டிட்டுச் சும்மா ‘இருக்கியா’ன்னு கேக்காது. ஒரு பொய்க் கணக்கைக் குடுக்கும். ‘ஒன்பதாம் நம்பர் அறை பத்து டிகிரி ஆயிடுச்சு, என்ன பண்ணுவே?’”

“ஒன்பதாம் நம்பர் அறையே நமக்குக் கிடையாதே.”

“அதனாலதான். சோதனைக்குன்னே ஒரு அறை. ‘சைரன் அடிப்பேன்’னு பத்து விநாடிக்குள்ள பதில் வரணும். வரலன்னாலோ, பதில் உளறலா இருந்தாலோ, உன் போன், என் போன், முதலாளியம்மா போன் மூணுக்கும் மணி அடிக்கும்.”

“அப்போ சும்மா முனகிக்கிட்டுக் கிடந்தாலும் பிடிச்சிடும்.”

“பிடிச்சிடும்.”

“இதைப் பஸ்லயே எழுதிட்டியா?” என்றார் ஜில்லண்ணன். பெருமையைக் குரலில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஆபீசில் முதலாளியம்மா வருவதற்குள் பாப்பா அதைப் பரீட்சை செய்தாள். சர்வீஸை ஓடவிட்டு ஒரு தரம். நிறுத்திவிட்டு ஒரு தரம். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு தரம். சர்வீஸ் உயிரோடு இருந்தும் பதில் சொல்லாதபடி பாதியில் உறைய வைத்து ஒரு தரம். ஒவ்வொரு தரமும் தன் போனை மேஜை மேல் வைத்து, மணி அடிக்கிறதா என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அடிக்க வேண்டிய மூன்று தரமும் அடித்தது. அடிக்கக்கூடாத ஒரு தரம் அடிக்கவில்லை. அதற்குப் பிறகும் முதலிலிருந்து இன்னொரு சுற்று பார்த்தாள்.

*

முதலாளியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. குளிரை விற்றுச் சம்பாதிக்கிறவர், ஆனால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டார். உட்கார்ந்ததும் ஒப்பந்தக் காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் கணக்கர். வாசலோரம் ஜில்லண்ணன்.

“ஜில்லு எதுக்கு இங்க?”

“நான்தான்மா கூட்டிட்டு வந்தேன்” என்றாள் பாப்பா. “கையெழுத்துப் போடறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். போன வருஷம் உங்ககிட்ட நான் குடுத்த அம்பத்தஞ்சு வரியும் தப்பு. என் ஸ்கிரிப்ட்ல தப்பு. சர்வீஸ் ஓடினாலும் அது ஓடுதுன்னு சொல்லும், நின்னாலும் ஓடுதுன்னு சொல்லும்.”

முதலாளியம்மா பேனாவை மூடினார். “காட்டு.”

பாப்பா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில் அலாரம் சர்வீஸை நிறுத்தினாள். “அண்ணா, மூணாம் நம்பர் அறைக்குப் போ. சூடு பார்க்கற குச்சி கதவுக்கு உள்பக்கம் தொங்கும். கையால இறுக்கிப் பிடிச்சுக்கோ.”

ஜில்லண்ணன் போய்ப் பிடித்தார். இரும்புக் குச்சி முதலில் பனிக்கட்டியாகச் சுட்டது. பிறகு அவர் உள்ளங்கைச் சூட்டுக்கு மெல்ல மெல்ல வந்தது. மூன்று நிமிடம். நான்கு நிமிடம். தலைக்கு மேல் சைரன் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தது. குளிர் இயந்திரத்தின் ஓசையைத் தவிர ஒரு சத்தம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் இருந்தது. அப்படியே இதேதான்.

ஆபீசில் அந்த நேரம் பழைய ஸ்கிரிப்ட் திரையில் புதிதாக ஒரு வரி எழுதியது. முதலாளியம்மா அதை வாய்விட்டுப் படித்தார்.

“ஓடுகிறது.”

“நிறுத்தினதை நீங்க பார்த்தீங்க” என்றாள் பாப்பா. “இப்ப சர்வீஸை ஓடவிடறேன்.”

ஓடவிட்ட அரை நிமிடத்தில் சைரன் அடித்தது. ஜில்லண்ணன் கையிலிருந்த குச்சியை விட்டுவிட்டு ஓரடி துள்ளினார். தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே லாரிக்கு அடியில் படுத்திருந்த டிரைவர் எழுந்து தலையை இடித்துக்கொண்டார். காதைப் பொத்திக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பி வந்தபோது ஜில்லண்ணன் முகத்தில் இத்தனை மாதம் இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

“அம்மா, இந்தச் சத்தத்துல தூங்கினா அவனைத் தூங்கறான்னு சொல்லமாட்டாங்க. எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

கணக்கர் சிரித்துவிட்டு, முதலாளியம்மா சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“சரி” என்றார் முதலாளியம்மா. “இன்னைக்கு நீ நிறுத்தினே, அது நின்னுச்சு. அன்னைக்கும் நின்னுச்சுன்னு எப்படிச் சொல்றே?”

நல்ல கேள்வி. பாப்பா அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

“பழைய மெஷின் தனக்குன்னு ஒரு டைரி எழுதும்மா. எது எப்ப நின்னுச்சு, எது எப்ப ஓடிச்சுன்னு. அன்னைக்கு நான் அதைப் புரட்டியிருக்கணும். என் ஸ்கிரிப்ட்தான் சொல்லிடுச்சேன்னு இருந்துட்டேன். நேத்து ராத்திரி புரட்டினேன்.” திரையைத் திருப்பினாள். “அந்த ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு நாலுக்கு அலாரம் சர்வீஸ் நிறுத்தப்பட்டது. நாலு நாற்பத்து மூணுக்குத் திரும்பி ஓடவிடப்பட்டது. நடுவுல அது இல்லவே இல்ல.”

“தானா நின்னதா?”

“இல்லம்மா. நிறுத்தச் சொல்லி நிறுத்தியிருக்காங்க. இந்த ரூம்ல இருக்கற இதே கீபோர்டுல.”

“ஜில்லுவா?”

“அண்ணாகிட்ட இந்த ரூம் சாவி கிடையாது. இருக்கறதே ரெண்டு சாவி.”

முதலாளியம்மாவின் கை தன் இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. ஒரு சாவி அங்கே இருந்தது. இன்னொன்று அவருடைய மருமகனிடம் இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும். கணக்கர் குனிந்து, கீழே விழாத எதையோ தேடினார்.

“அதை நான் பார்த்துக்கறேன்” என்றார் முதலாளியம்மா. குரல் தாழ்ந்திருந்தது. “இந்த ரூமைத் தாண்டிப் போகக்கூடாது.”

அவர் ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்தார்.

“நீ இதைச் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“தெரிஞ்சிருக்காதும்மா.”

“பின்ன எதுக்குச் சொன்னே?”

“எங்க அண்ணா மாசாமாசம் கட்டறாரே” என்றாள் பாப்பா. “அந்த நஷ்டம் என் தப்புல வந்தது. மீதியை என் பேருக்கு மாத்திடுங்க.”

“பாப்பா, சும்மா இரு” என்றார் ஜில்லண்ணன்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க.” முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். “லாரி வாங்கினா பிரேக் பிடிச்சுப் பார்த்துத்தான் வாங்கறேன். உன் ஸ்கிரிப்டை வாங்கும்போது நிறுத்திக் காட்டுன்னு நானும் கேக்கல. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டது நான். நஷ்டம் கம்பெனியோடது. ஆனா மூணு கிடங்கு பேச்சு இப்ப வேண்டாம். இந்த ஒண்ணை ஆறு மாசம் நடத்து, பாதிக் காசுக்கு. வாரத்துக்கு ஒரு தடவை என் கண் முன்னாடி நிறுத்திக் காட்டணும். அப்புறம் பார்க்கலாம்.”

“சரிம்மா.”

“புதுசா எழுதினதுன்னியே, அதுவும் நின்னா?”

“அதைப் பார்க்க என் வீட்டு மெஷின்ல ஒண்ணு வெச்சிருக்கேன். தினமும் காலையில இதுகிட்டயிருந்து ஒரு சேதி வரணும். வரலன்னா நானே கிளம்பி வந்துடுவேன்.”

முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பாராட்டு அவர் வாயில் வருகிற வழக்கமில்லை. “ஸ்வெட்டர் எடுத்துட்டு வா. இந்த ரூம் குளிரும்” என்று மட்டும் சொன்னார்.

மூன்று கிடங்கு ஒன்றாகி, அந்த ஒன்றும் பாதியாகிவிட்டது. மாப்பிள்ளையிடம் பாப்பா இன்றைக்கு என்ன சொல்வாள் என்று ஜில்லண்ணனுக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் நின்ற நிற்பில் ஒரு வளைவில்லை. எத்தனையோ பேர் பெரிய பாரம் தூக்கி அவர் பார்த்திருக்கிறார். தன் தப்பை இப்படித் தானே தலையில் ஏற்றிக்கொண்டு, நாலு பேர் முன்னால் நேராக நடந்து வந்து இறக்கி வைத்தவரை அவர் பார்த்ததில்லை.

கணக்கர் பேரேட்டைக் கொண்டுவந்து விரித்தார். ஜில்லண்ணன் பக்கம். இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று முப்பதுக்கு மேல் அளவுகோலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். பிடித்த ஐம்பத்தைந்தாயிரமும் அடுத்த சம்பளத்தோடு வரும் என்று ஓரத்தில் எழுதினார்.

“கையெழுத்துப் போடு ஜில்லு.”

ஜில்லண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு, போடாமல் பேரேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன?”

“தொகையை அடிச்சீங்க சார். பக்கத்துல இருக்கறதை அடிக்கலையே.”

கணக்கர் எட்டிப் பார்த்தார். காரணம் என்ற கட்டத்தில், ‘காவல் நேரத்தில் தூங்கியதால்’ என்று அவருடைய அழகான கையெழுத்திலேயே இருந்தது.

“அது காரணம்தானேப்பா. தொகை போனா அதுவும் போன மாதிரிதான்.”

“போகாது சார். தொகையைப் படிச்சது நீங்களும் நானும்தான். காரணத்தை எல்லாரும் படிச்சாங்க.”

கணக்கர் முதலாளியம்மாவைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார். அளவுகோல் மறுபடி இறங்கியது, சிவப்புக் கோடு அந்த மூன்று வார்த்தைகள் மேலும் ஓடியது.

“அப்ப காரணம்னு என்ன எழுதட்டும்? காலியா விடமுடியாது.”

“அலாரம் சர்வீஸ் ஓடவில்லைன்னு எழுதுங்க” என்றாள் பாப்பா.

கணக்கர் எழுதினார். மை காயும்வரை ஊதினார். பாக்கி என்ற கட்டத்தில் ஒரு சுழி போட்டார்.

ஜில்லண்ணன் அந்த வரியை ஒரு தரம், எழுத்தெழுத்தாக, மனசுக்குள் படித்தார். பிறகு குனிந்து, அதற்கு நேரே தன் கையெழுத்தைப் போட்டார்.